ஒரு பேராசிரியரின் அகால மரணம்

குற்றம் செய்தவர்கள் எவ்வளவு பயப்படுவார்கள் என்று எனக்குத் தெரியாது. குற்றம் செய்யாதவர்கள் எவ்வளவு பயப்படுவார்கள் என்று நன்றாகத் தெரியும். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் ஏறினால், கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டே வியர்த்துக் கொட்டுகிற பிறவி நான். (ஒருமுறை ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் டிக்கெட்டை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, என் முகம் அப்படி.) பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்தால் என் விடைத்தாளை நானே கையால் மூடிக்கொள்வேன், ஏதோ என்னிடமிருந்தே நான் பார்த்து எழுதுகிற மாதிரி.

இப்படிப்பட்ட ஒருத்தியிடம் போய் 'எழுத்துத் திருட்டு' என்று யாராவது சொல்வார்களா? சொன்னார்கள். விளைவு, ஒரு பேராசிரியர் காலமானார்.

நான் இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. கணவர் சசி, டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. அவருடைய தம்பி தினேஷ் போன் திருத்துகிற கடையில் இருக்கிறான். மூன்று பேரும் ஒரே வீடு. நான் அப்போது வாரக்கடைசியில் ஹட்டனுக்குப் போய்ப் பட்டப்பின் கல்வி டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். அதன் கடைசிக் கட்டம் ஓர் ஆய்வறிக்கை. அதை எழுதிக் கொடுத்து, வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு வாய்த்த விரிவுரையாளர் சிவமலர் மேடம். யாழ்ப்பாணத்துக்காரர். மலைநாட்டுக்கு வந்து வருஷக்கணக்காகியும் பேச்சில் ஒரு சொல்லைக்கூட எங்களுக்காக மாற்றிக்கொள்ளாதவர். முதல் வகுப்பிலேயே, கேட்டால் எழுதித் தருகிற சாட்பொட் விஷயத்தை எடுத்துவிட்டார்.

"பொட்டிட்ட கேளுங்கோ. விளங்காததை விளங்கப்படுத்தச் சொல்லுங்கோ. எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லுங்கோ. நான் வேண்டாமெண்டு சொல்லேல்ல. ஆனா என்னத்துக்குப் பாவிச்சனீங்கள் எண்டு கடைசிப் பக்கத்தில உண்மையா எழுத வேணும். அது தந்த வசனத்தை உங்கட வசனம் எண்டு போட்டா, அது களவு. அது சொல்லுற புத்தகம் உலகத்தில இருக்கோ எண்டு பார்க்காமப் போட்டா, அது பொய். களவுக்கும் பொய்க்கும் நான் புள்ளி போடுறேல்ல."

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். நான் 'களவு' என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதி, பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்குக் கீழே கோடு போட்டேன். மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. (பிறகு நடந்தவற்றைப் படிக்கும்போது, அந்த மற்றதுதான் முக்கியம் என்று உங்களுக்குப் புரியும்.)

என் ஆய்வு, மழைக்காலத்தில் எங்கள் பாடசாலைக்குப் பிள்ளைகள் ஏன் வராமல் போகிறார்கள் என்பது. விடுமுறையில் குடை பிடித்துக்கொண்டு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் லயம் லயமாக ஏறி இறங்கினேன். அம்மாமார் வேலை முடிந்து வரும்வரை வாசலில் காத்திருந்து கேட்டேன். ஆற்றில் தண்ணீர் வருகிறது, பாதை வழுக்குகிறது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றெல்லாம் சொல்வார்கள் என்று நினைத்துப் போனவளுக்கு, வீட்டுக்கு வீடு கிடைத்த பதில் ஒன்றுதான்: "சட்டை காயல டீச்சர்."

பாடசாலைச் சட்டை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மூடுபனியும் தூறலும் வாரக்கணக்கில் விடாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டால் புகை மணக்கும். புகை மணக்கிற சட்டையோடு வந்தால் வகுப்பில் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அதற்கு வராமலே இருந்துவிடலாம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இதையெல்லாம் அவர்கள் சொன்ன சொல்லிலேயே, என் வசனத்தில், முழுக்க முழுக்க நானே எழுதினேன். எழுத்துப்பிழை பார்க்க மட்டும் பொட்டிடம் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தில் அப்படியே எழுதியும் வைத்தேன். "எழுத்துப்பிழை திருத்துவதற்கு மட்டும் பயன்படுத்தினேன்." சுத்தமான ஆள், சுத்தமான அறிக்கை.

அந்த நிலையில் அனுப்பியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நிரோஷா போன் பண்ணினாள். கந்தப்பளையில் இருந்து எங்களோடு படிக்க வருகிறவள். நாட்டில் நடக்கிற கெட்ட செய்தியெல்லாம் முதலில் அவளுக்குத்தான் கிடைக்கும்.

"யோகா, ஒனக்குத் தெரியுமா? நம்ம பெட்ச்ல ஒருத்தரு முழுசா சொந்தமா எழுதியிருக்காரு. சொஃப்ட்வெயார்ல போட்டுப் பாத்தா பாதிக்கு மேல திருட்டுன்னு காட்டிருச்சாம்."

"சொந்தமா எழுதினதையா? யாரு அது?"

"யாருன்னு தெரியாது. ஆனா உண்மை."

போனை வைத்தேன். வெளியே மழை. சசி சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தார். நான் போனை எடுத்து, என் அறிக்கையின் முதல் பந்தியைப் பொட்டில் ஒட்டிக் கேட்டேன்: "இது திருட்டு மாதிரி இருக்கிறதா?"

பொட் சொன்னது: "இந்தப் பகுதியில் பொதுவான சொற்றொடர்கள் பல உள்ளன. இது செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டிருக்க வாய்ப்புள்ளது."

"நான்தான் எழுதினேன்" என்று எழுதினேன்.

"மன்னிக்கவும். நீங்கள் கூறுவது சரி. இது நீங்கள் எழுதியதே."

"நிச்சயமாகவா?"

"மன்னிக்கவும். உறுதியாகக் கூற இயலாது."

(அதற்கு அதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது, நான் எந்தப் பக்கம் சாய்ந்தேனோ அந்தப் பக்கம் அதுவும் சாய்ந்தது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு அது குறி சொல்கிற சாமியாடி.)

"என்னாங்க, நான் எழுதினது நான் எழுதினது இல்லையாம்" என்று சசியை உலுக்கினேன்.

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "நீ எழுதினத நீதான் எழுதினியான்னு அதுக்கிட்ட ஏன் கேக்குற? நான்தான் பாத்துக்கிட்டு இருந்தேனே."

"ஒங்க சாட்சியெல்லாம் சொஃப்ட்வெயார் ஏத்துக்காதுங்க."

அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உலகத்திலேயே எனக்கு இருந்த ஒரே சாட்சி அப்படித் தூங்கிவிட்டது.

நான் பின்ஜன்னலில் சாய்ந்து (அங்கேதான் சிக்னல் கிடைக்கும்) பொட்டுக்கு உத்தரவு போட்டேன். "இதை இதுவரை உலகத்தில் யாரும் எழுதியிராத மாதிரி மாற்றிக் கொடு. அறிஞர்களின் மேற்கோளும் சேர்." அத்தியாயம் அத்தியாயமாக ஒட்டினேன். அது அத்தியாயம் அத்தியாயமாகத் திருப்பித் தந்தது. ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு வரியை மட்டும் பார்த்தேன். 'பன்முகப் பரிமாணங்களை உள்ளடக்கிய' என்று ஆரம்பித்தது. எனக்கே மரியாதை வந்துவிட்டது. பழைய எழுத்துக்கு மேலேயே புதியதை ஒட்டி, சேமித்து, மறுநாள் தினேஷின் கடையில் இருந்து மேடத்துக்கு ஈமெயில் பண்ணினேன். கடைசிப் பக்கத்தை மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. அது "எழுத்துப்பிழை திருத்துவதற்கு மட்டும்" என்று அப்பாவியாக அங்கேயே இருந்தது.

அதன்பிறகு வைவா வரை நிம்மதியாகத் தூங்கினேன். என் வாழ்க்கையில் நான் பயப்படாமல் இருந்த ஒரே காலம் அது. உண்மையில் பயப்பட வேண்டிய ஒரே காலமும் அதுதான்.

வைவா அன்று காலை, நானும் தினேஷும் ஒரே பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனோம். கேள்வி கேட்பார்களே, ஒரு தடவை பார்த்துவைப்போம் என்று போனில் அறிக்கையைத் திறந்தேன். முதல் இரண்டு வரிக்கு அப்பால் நான் போவது அதுதான் முதல் தடவை.

"அதிகாலையில் பிரட்டலுக்குச் செல்லும் தாய்மார்…"

நான் எழுதியது பெரட்டு. காலையில் தொழிலாளர்களைக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். பொட் அதைக் கோழிப் பிரட்டல் ஆக்கிவிட்டது. எங்கள் தோட்டத்து அம்மாமார் விடியற்காலையில் எழுந்து, பிள்ளையைக்கூடக் கவனிக்காமல், கறி பிரட்டப் போகிறார்கள்.

அடுத்த பக்கம். "இசை லயத்தில் வாழும் குடும்பங்களின் தாள ஒழுங்கு…"

பக்கத்து சீட்டில் இருந்த தினேஷ் எட்டிப் பார்த்தான். விரலால் திரையைத் தொட்டுக் கொஞ்சம் கீழே தள்ளினான். பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"அண்ணி."

"என்னடா?"

"'நாள் முழுவதும் கொழுந்தனைப் பறிக்கும் பெண்கள்'னு போட்டிருக்கீங்க."

"என்னா?"

"என்னைய எதுக்கு அண்ணி நாள் முழுக்கப் பறிக்கிறீங்க? நான் என்னா செஞ்சேன்?"

முன் சீட்டில் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு இருந்த ஒரு அக்கா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் என்னவென்று கேட்டார். அவர் சொன்னார். அது அப்படியே டிரைவர் வரைக்கும் போனது. எனக்கு மட்டும் பஸ்ஸின் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்கிற மாதிரி இருந்தது.

"தினேஷ், அனுப்பின ஈமெயிலத் திருப்பி எடுக்க முடியுமா?"

"ரெண்டு கெழம ஆச்சே அண்ணி."

"ஒங்க கடையில எல்லாம் திருத்துவீங்களே!"

"போனத் திருத்தலாம் அண்ணி. நடந்தத எப்படித் திருத்துறது?"

டவுனில் இறங்கியதும் அப்படியே அடுத்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன். போகாமல் விட்டால் வருஷம் முழுவதும் வீண். போனால் மானம் வீண். கால் தானாகவே நடந்து கல்வி நிலையத்துக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது.

அறையில் இரண்டு பேர். சிவமலர் மேடம், என் அறிக்கையை அச்சிட்டு முன்னால் வைத்திருந்தார். பக்கங்களுக்கிடையில் மஞ்சள் துண்டுகள் கொத்துக் கொத்தாக நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இரண்டாவது பரீட்சகர் ராஜமாணிக்கம் சேர். எங்கள் பகுதிக்காரர், ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. ஈ மீது கோபம் வந்தால்கூட அதனிடம் மன்னிப்புக் கேட்கிற ரகம்.

"இருங்கோ பிள்ளை" என்றார் மேடம். நான் இருந்தேன். முதல் மஞ்சள் துண்டைப் பிடித்துப் பக்கத்தைத் திறந்தார்.

"'இசை லயத்தில் வாழும் குடும்பங்கள்.' நான் இங்க இவ்வளவு காலமா இருக்கிறன். லயத்தில சனம் பாட்டுப் படிச்சுக்கொண்டோ இருக்கினம்?"

"இல்ல மேடம்."

"அப்ப இது என்ன?"

அவர் அடுத்த துண்டுக்குப் போனார்.

"'ஆடைகளுக்குக் காயம் ஏற்படாமையே மாணவர் வரவின்மைக்கான பிரதான காரணியாகும்.'"

'சட்டை காயல' என்று அம்மாமார் சொன்னது அது. நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது ராஜமாணிக்கம் சேர் உண்மையான அக்கறையோடு கேட்டார்: "அப்ப சட்டைக்குக் காயம் வந்தாப் பிள்ளைங்க ஸ்கூலுக்கு வந்துருமா டீச்சர்?"

"அது… ஒரு கோட்பாடு சேர்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. பயம் வந்தால் என் மூளை வெளியே போய் நின்றுகொள்ளும். வாய் மட்டும் உள்ளே தனியாக இருக்கும்.

"ஆற்ற கோட்பாடு?" என்று, யாருடையது எனக் கேட்டார் மேடம். என் பதிலுக்குக் காத்திராமல் மேற்கோள் பகுதிக்குப் போனார். விரல் ஒரு வரியில் நின்றது. "இவற்றயோ? பேராசிரியர் சுப்பையாலிங்கராஜா. 'மலைநாட்டு மழையும் மாணவர் மனமும்.' நல்ல தலைப்பு. நான் தேடாத இடமில்லை. ஒரு நூலகத்திலும் இல்லை. இவர் எங்க இருக்கிறார்?"

எனக்கு அவரைத் தெரியாது. அந்த நிமிஷம்வரை அப்படி ஒரு பெயர் என் அறிக்கையில் இருப்பதே தெரியாது. பொட் சும்மா உருவாக்கிப் போட்ட ஆள் என்பது மட்டும் அந்த நீளமான பெயரைக் கேட்டதும் உறைத்தது. சரி, ஒளித்துப் பிரயோஜனமில்லை, உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று முடிவு பண்ணினேன். (நம்புங்கள். அந்த ஒரு விநாடி நான் உண்மையைத்தான் சொல்லப் போனேன்.) அப்படி ஒருவர் கிடையாது என்று சொல்ல நினைத்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்:

"அவரு… இல்ல மேடம்."

ராஜமாணிக்கம் சேர் நெஞ்சில் கையை வைத்தார். "அடடா! காலமாயிட்டாரா?"

நிமிர்ந்து பார்த்தேன். அந்த மனிதரின் முகத்தில் அவ்வளவு துக்கம். 'இல்லை சேர், அந்த இல்லை வேறு, இந்த இல்லை வேறு' என்று விளக்க எனக்குத் தெம்பில்லை. தலை தானாக மேலும் கீழும் ஆடிவிட்டது.

"எப்ப?" என்றார் மேடம்.

"போன மாசம்."

"என்ன வருத்தம்?"

"நெஞ்சு வலி."

"பாவம்" என்றார் சேர். "எந்த ஊருக்காரரு?"

"கொத்மலை."

"கொத்மலையா? அங்க எனக்கு நெறையப் பேரத் தெரியுமே! எந்தப் பக்கம்?"

"டேம் பக்கம் சேர்."

"புள்ளக்குட்டி?"

"ரெண்டு பொண்ணுங்க. மூத்தவங்களுக்கு இப்பத்தான் கல்யாணம் பேசிக்கிட்டு இருந்தாங்க."

மூத்த பெண்ணின் கல்யாணத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது நானாகவே சேர்த்தது. ஒரு தேநீர் குடிக்கிற நேரத்துக்குள் அந்த மனிதருக்கு ஊர், வியாதி, குடும்பம், தடைப்பட்ட கல்யாணம் எல்லாம் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மாப்பிள்ளைக்கு வேலையும் கொடுத்திருப்பேன்.

ராஜமாணிக்கம் சேர் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். கண் கலங்கியிருந்தது.

"நம்ம பிள்ளைங்களுக்காக எழுதின மனுஷன். உயிரோட இருக்கப்ப நமக்குத் தெரியாமப் போச்சு. ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம் மேடம்."

நின்றோம். மூன்று பேரும். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் மட்டும். சேர் கண்ணை மூடிக் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார். நானும் மூடினேன். ஆனால் முகத்தில் ஏதோ சுடுகிற மாதிரி இருந்தது. லேசாகத் திறந்து பார்த்தேன். சிவமலர் மேடம் கண்ணை மூடவே இல்லை. அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பவும் இறுக்கி மூடிக்கொண்டேன். என் அப்பாவின் கருமாதிக்குக்கூட நான் அவ்வளவு மனமுருகிப் பிரார்த்தித்ததில்லை. பேராசிரியரின் ஆத்மாவுக்காக அல்ல. கூரை இடிந்து விழ வேண்டும் என்று.

விழவில்லை. உட்கார்ந்தோம்.

"பிள்ளை" என்றார் மேடம். குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "ஒண்டு கேக்கிறன். யோசிச்சுச் சொல்லும். இந்த மனுசன் போன மாசம் செத்தவரோ, இல்லாட்டிப் பிறக்கவே இல்லையோ?"

அணை உடைந்தது. "பிறக்கல மேடம்" என்று சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்தேன்.

ராஜமாணிக்கம் சேர் என்னையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அந்த ரெண்டு பொண்ணுங்க?"

"அவங்களும் பிறக்கல சேர்."

அவர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்த மாதிரி இருந்தது அவர் முகம்.

அழுகைக்கு நடுவில் எல்லாவற்றையும் சொன்னேன். நிரோஷாவின் போன், பொட்டிடம் கேட்டது, அது அப்படியும் இப்படியும் சொன்னது, மாற்றச் சொன்னது. மேடம் குறுக்கே பேசவில்லை. கடைசியில் அறிக்கையை மூடி ஓரமாகத் தள்ளினார்.

"சரி, இது கிடக்கட்டும். மழைக்குப் பிள்ளையள் ஏன் பள்ளிக்கூடம் வருகினமில்ல? உம்மட வாயால சொல்லும்."

"சட்டை காயாது மேடம்" என்றேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன். அடுப்புக்கு மேலே கட்டின கயிறு, புகை மணம், மூக்கைப் பொத்துகிற பிள்ளைகள், நனைந்த சட்டையை உடம்போடு போட்டுக் காயவைத்துக்கொண்டு வருகிற ஒரு சிறுமி. எப்போது அழுகை நின்றது என்று தெரியவில்லை. பேசிக்கொண்டே போனேன். மேடம் பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார்.

"இதை ஏன் நீர் எழுதேல்ல?"

"எழுதினேன் மேடம். இதைத்தான் மொதல்ல எழுதினேன். திருட்டுன்னு வந்துருமோன்னு பயந்துதான் மாத்தச் சொன்னேன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "களவெடுத்து மாட்டுப்பட்ட ஆக்களைக் கண்டிருக்கிறன். தன்ர சொந்தச் சாமானை, களவெண்டு சொல்லிப்போடுவினமோ எண்டு பயந்து, களவெடுத்த சாமானா மாத்தின ஆளை இப்பதான் காணுறன். வெளியில இரும்."

வெளியில் வராந்தாவில் ஒரு வாங்கில் உட்கார்ந்தேன். உள்ளே என் தலைவிதியைப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் பொய் இருக்கிறது. இல்லாத புத்தகம் இருக்கிறது. போதாததற்குப் பரீட்சகர்களை எழுந்து நிற்கவும் வைத்திருக்கிறேன். ஒழுக்காற்றுக் குழுவுக்கு அனுப்பினால் டிப்ளோமா போய்விடும். கல்வித் திணைக்களத்துக்குத் தெரிவித்தால் வேலைக்கும் பிரச்சினை வரலாம். பாடசாலையில் என்ன சொல்வேன்? பார்த்து எழுதாதே என்று பிள்ளைகளிடம் எந்த வாயால் சொல்வேன்? கடையில் சொல்லிவிட்டு ஓடி வந்த தினேஷ் ஒரு பிளேன்டீயை நீட்டினான். வாங்குகிற அவசரத்தில் பாதி என் சேலைக்குப் போனது.

கூப்பிட்டார்கள். மேடம் தீர்ப்புச் சொன்னார். குழுவுக்கு அனுப்பவில்லை. ஆனால் இந்த அறிக்கை தள்ளுபடி. அடுத்த தவணைக்குள் முழுவதும் திரும்ப எழுத வேண்டும். எவ்வளவு நன்றாக எழுதினாலும், தேறுவதற்கான சித்திப் புள்ளிக்கு மேலே கிடையாது. கடைசிப் பக்கத்தில் நடந்தது அத்தனையும் இருக்க வேண்டும்.

"அத்தனையுமா மேடம்?"

"செத்தவீடும் சேர்த்து."

அழிந்துபோன மூலத்தை மீட்கத் தினேஷ் என் போனைக் கழற்றிப் பார்த்தான், கம்ப்யூட்டரைக் குடைந்து பார்த்தான். பொட்டும் பழைய பேச்சு எதையும் சேமித்து வைத்திருக்கவில்லை. என் கையாலேயே மேலே ஒட்டிச் சேமித்ததை எந்தக் கடையிலும் திருத்த முடியாது. மறுபடியும் குடையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போனேன். அம்மாமார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "அதான் எல்லாம் சொன்னோமே டீச்சர்? மழ விட்ருச்சு, இப்பச் சட்டை நல்லாக் காயுதே!" என்றார் ஒருவர். அவர்களிடம் என்னத்தைச் சொல்வது? "இன்னொரு தடவ சொல்லுங்கக்கா" என்று கெஞ்சினேன். சொன்னார்கள். இந்தத் தடவை இன்னும் நன்றாகவே சொன்னார்கள். முதல் தடவை அவசரத்தில் விட்டதெல்லாம் இப்போது வந்தது.

புதிய அறிக்கையில் ஒவ்வொரு வசனமும் என்னுடையது. மேற்கோள் காட்டிய ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுத்து, அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பெயரைப் போட்டேன். அச்சடிப்பதற்கு முன்னால் சசி முழுவதையும் சத்தமாக வாசித்தார். கோழி இல்லை, இசை இல்லை, தம்பி பத்திரமாக இருக்கிறான் என்று உறுதிப்படுத்தினார். கடைசிப் பக்கத்தை மேடம் சொன்னபடி எழுதினேன். அதன் முடிவு வரி இப்படி: "முதல் அறிக்கையில் குறிப்பிடப்பட்ட பேராசிரியர் பிறக்கவில்லை. ஆகவே அவர் இறந்ததாக நான் தெரிவித்த தகவலும் தவறானது." அப்படி ஒரு வரி இருக்கிற ஆய்வறிக்கை உலகத்தில் வேறெங்கும் இருக்காது. திருட்டு என்று எந்தச் சொஃப்ட்வெயாரும் சொல்ல முடியாது.

சித்தியடைந்தேன். மட்டுமட்டாக.

அதோடு முடியவில்லை. ஒவ்வொரு புதிய பெட்ச்சுக்கும் முதல் வகுப்பில் மேடம் என்னைக் கூப்பிடுகிறார். பொட்டை எப்படிப் பாவிக்கக்கூடாது என்று விளங்கப்படுத்துகிற உயிருள்ள உதாரணம் நான். முன்னால் நின்று முழுக் கதையையும் சொல்ல வேண்டும். படிக்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மேடம் சிரிக்காமல் பக்கத்தில் நின்று, நான் எதையாவது விட்டுவிட்டால் எடுத்துக் கொடுப்பார். வீட்டிலும் நிம்மதி இல்லை. யாராவது ஒரு சாக்குச் சொன்னால் போதும், மற்றவர்கள் யாழ்ப்பாணத்து ராகத்தில் "எப்ப?" என்று கேட்பார்கள். சசி "தண்ணி டாங்க் திருத்துற ஆளுக்கிட்டச் சொல்லிட்டேன்" என்பார். தினேஷ் "எப்ப?" என்பான். சசி தலையைக் குனிந்து "போன மாசம்" என்பார். டாங்க் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

போன தடவை வகுப்புக்கு முதல் நாள் எங்கள் பெரியப்பா இறந்துபோனார். தொண்ணூறைத் தாண்டியவர். சோறு சாப்பிட்டு, கையைக் கழுவி, வெற்றிலை போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அழுதவர்களைவிட அவருடைய கதைகளைச் சொல்லிச் சிரித்தவர்கள்தான் அதிகம். நான் மேடத்துக்குப் போன் எடுத்தேன்.

"மேடம், நாளைக்கு வர முடியாது. எங்க பெரியப்பா தவறிட்டாங்க."

மறுபக்கத்தில் இருந்து வந்தது.

"எப்ப?"

"இன்னைக்குக் காலையில மேடம்! உண்மையா! நெசமாவே பெரியப்பாதான்! எனக்குப் பிறந்ததுலருந்து தெரியும்!"

சொல்லச் சொல்ல என் குரல் நடுங்கியது, வியர்த்தது. பொய் சொல்கிறவள் எப்படிப் பேசுவாளோ அப்படியே பேசினேன். மேடம் "சரி பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாதையில் கட்டியிருந்த வெள்ளைக் கொடிகளை ஒரு படம், பெரியப்பாவின் முகம் போட்ட பெனரை ஒரு படம், அந்தப் பெனருக்குப் பக்கத்தில் நானே நிற்கிற மாதிரி தினேஷை விட்டு ஒரு படம். எழவுக்கு வந்தவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, மூன்றையும் மேடத்துக்கு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"ஆழ்ந்த அனுதாபங்கள் பிள்ளை. பெரியப்பா புத்தகம் ஏதும் எழுதினவரோ?"